வயர்மேன் வீட்டுக்குப் போன புயல்நாள்

கோதண்டபாணிக்கு மின்வாரியத்தில் வயர்மேன் வேலை. அடையாற்றில் செக்‌ஷன் ஆபீஸ், பட்டினப்பாக்கத்தில் வீடு. நடுவில் இருப்பது ஒரு ஆறும் ஒரு பாலமும்தான். பைக்கை எடுத்தால் பத்து நிமிடம். ஆனாலும் முப்பது வருஷத்தில் ஒரு புயலுக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை.

காற்று பலமாக வரும் என்று அறிவிப்பு வந்த அன்றைக்கே ஆட்களை ஆபீசில் பிடித்து வைத்துவிடுவார்கள். காற்று நின்ற பிறகுதான் அவர்களுக்கு நிஜமான வேலை. மரம் வேரோடு சாய்கிறபோது மண்ணுக்குள் கிடக்கும் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதைத் தோண்டி, வெட்டி, ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு தெருவாக வெளிச்சம் கொடுத்துக்கொண்டு போக நாலு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அதற்குள் ஜனங்கள் திட்டவும் செய்வார்கள், காபியும் கொடுப்பார்கள். வர்தா புயல் வந்த வருஷம் இந்திரா நகரில் ஒரு குடியிருப்போர் சங்கத்தார் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். ஒன்பதாவது நாள் அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்து, மனைவி வேலம்மாவிடம் "எல்லாம் நல்லாத்தான கீது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கிப்போனார்.

இருபத்து மூன்று வயதில் கான்ட்ராக்ட் ஆளாகக் குழி தோண்ட வந்தவர் அவர். பதினாலு வருஷம் கழித்து நிரந்தரம் ஆனார். இப்போது ஐம்பத்தைந்து. இடது கை சுண்டு விரல் மடங்காது. அது ஒரு பழைய தீக்காயம். அதிகம் பேசமாட்டார். பழுது எங்கே என்று தேடுவதில் அடையாறு பக்கத்தில் அவருக்கு ஈடு இல்லை என்று ஆபீசில் சொல்வார்கள்.

வேலம்மாவுக்கு இரண்டு வருஷமாக மூச்சு சரியில்லை. மந்தைவெளி கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு நாள் நாலு படி ஏற முடியாமல் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகிற நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எதனால் வந்தது என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார். போன ஐப்பசியில் இருபது நாள் படுக்கையில் வைத்திருந்து, இனிமேல் ஆக்சிஜன் இல்லாமல் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு ஒரு மிஷின் வாங்கினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிக்கு மேல் உயரமாக நிற்கும். சுவரில் பிளக்கைச் சொருகினால் அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, அதில் ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அனுப்பும். கரெண்ட் போனால் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். அப்போது மாற்றிக்கொள்வதற்கென்று இரண்டு சிலிண்டர்கள் வைத்திருந்தார்கள்.

கார்த்திகை கடைசியில் வேலம்மா தன் மகள் அன்புச்செல்விக்கு போன் போட்டு, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று கேட்டாள். அன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். கடலில் ஒரு புயல் இருப்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது ஆந்திரா பக்கம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் அது திரும்பியது. கோதண்டபாணிக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது.

இரண்டு சிலிண்டரில் ஒன்றை நிரப்பக் கொடுத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் தானே போய் எடுத்து வருவதாக இருந்தார். முடியாமல் போனதால் கடைக்காரருக்கு போன் செய்தார். திங்கள் காலையில் வண்டியில் அனுப்பிவிடுகிறேன் என்று அவர் சொன்னார். வீட்டில் இருந்த இன்னொன்று பாதிக்குக் கொஞ்சம் மேல். காலையில் அது வரும்வரைக்கும் இது போதும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார். பின்னால் அவர் யாரிடமும் இதைச் சொல்லிப் புலம்பவில்லை. ஆனால் இந்த ஒரு எண்ணத்தை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கே காற்று ஊளையிட ஆரம்பித்துவிட்டது. எந்த வண்டியும் ஓடவில்லை. சிலிண்டர் வரவில்லை. காற்றின் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் அறுந்து விழும் கம்பியில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மின்சாரத்தை முன்னாலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அடையாற்றில் பத்தரைக்கு நிறுத்தினார்கள். அதற்கான சுவிட்சைக் கீழே இறக்கியது கோதண்டபாணியின் கைதான். அடுத்த சில நிமிடங்களில் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் நிறுத்தியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கைபேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது அடித்தது.

"நைனா, கரெண்ட்டு பூட்ச்சி," என்றாள் அன்பு. "சிலிண்டர மாட்டிட்டேன். முள்ளு பாதில கீது. எத்தினி மணி நேரம் வரும்?"

நாலு மணி நேரம் வரும் என்று சொன்னார். மூன்று மணி நேரம் என்பதுதான் அவர் மனதில் போட்ட கணக்கு.

பட்டினப்பாக்கத்துக்குக் கரெண்ட் கொடுக்கும் செக்‌ஷனில் ஃபோர்மேனாக இருந்தவர் சிதம்பரநாதன். இருபது வருஷப் பழக்கம். கோதண்டபாணி அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சிதம்பரநாதன், காற்று குறையாமல் யார் சொன்னாலும் லைனைப் போட முடியாது, போட்டால் எங்கே யார் சாவார்கள் என்று தெரியாது, உனக்கே தெரியுமே பாணி என்றார். தெரியும் என்றார் இவர். இதே வார்த்தைகளை எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆம்புலன்ஸுக்கு அன்பு நாலு தடவை போன் செய்தாள். முதல் மூன்று தடவையும் லைன் கிடைக்கவில்லை. நாலாவது தடவை எடுத்த பெண் விவரம் எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சாந்தோம் சாலையில் இரண்டு பக்கமும் மரம் விழுந்து கிடப்பதாகவும், காற்று நின்றதும் முதல் வண்டி உங்களுக்குத்தான் என்றும் சொன்னாள்.

ஆபீசுக்குப் பொறுப்பான இன்ஜினியர், ஏ.இ.யாக இருந்தது ஹம்சினி என்ற பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். இதுதான் அவள் பொறுப்பில் வரும் முதல் பெரிய புயல். மேசைமேல் மூன்று போன்கள் மாறிமாறி அடித்துக்கொண்டிருந்தன. கோதண்டபாணி போய் நின்று, வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். காரணத்தைக் கேட்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆபீஸ் வாசலில் இருந்த தகரக் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப உங்கள வெளிய விட்டா நீங்க போய்ச் சேரமாட்டீங்க அண்ணா," என்றாள். "காத்து கொஞ்சம் அடங்கட்டும். அடங்கின அந்த நிமிஷமே போங்க. நான் யாரையும் கேக்கப்போறதில்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவர் மறுபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. அரை மணிக்கு ஒரு தடவை அன்பு போன் செய்து சிலிண்டர் முள் எங்கே இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பில் என்ன எண் காட்டுகிறது என்று சொன்னாள். தொண்ணூற்றிரண்டு. எண்பத்தொன்பது. சிலிண்டர் சீக்கிரம் தீராமல் இருக்க வால்வைக் கொஞ்சம் குறைத்துவைக்கட்டுமா என்று கேட்டாள். குறை என்றார். எண்பத்து நாலு. அதற்குப் பிறகு டவரும் விழுந்துவிட்டதுபோல, போன் பேசவில்லை.

ஒரு மணி வாக்கில் காற்று சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. வானம்கூட லேசாக வெளுத்தது. புயலின் கண் தலைக்கு மேல் வந்திருக்கிறது, அது கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து இதைவிட மோசமாக அடிக்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஹம்சினி அறை வாசலில் வந்து நின்று தலையை மட்டும் அசைத்தாள். அவர் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டிங் பிளையரும் டெஸ்டரும் இருக்கிறதா என்று பழக்கத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார். பைக் பயன்படாது. தெருவுக்குத் தெரு மரம்.

ஓட்டமும் நடையுமாகப் பாலத்துக்கு வந்தபோது நேரம் ஒன்றரை ஆகியிருந்தது. ஆறு கலங்கி, முகத்துவாரத்துப் பக்கம் அலை உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பாதிப் பாலத்தில் இருக்கும்போது கடல் பக்கமிருந்து காற்று வந்தது. மெல்ல ஆரம்பிக்கவில்லை. ஒரே தள்ளு. அவர் சாலையின் மறுபக்கம்வரை உருண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றார். எழுந்தால் ஆற்றுக்குள் போய்விடுவோம் என்று புரிந்தது. மீதிப் பாலத்தை அந்தச் சுவரோடு ஒட்டி, முழங்காலில் தவழ்ந்து கடந்தார். மழை கூழாங்கல் போல முகத்தில் அடித்தது. பாலத்தில் வேறு ஒரு உயிர் இல்லை. எத்தனை வருஷம் இந்தக் காற்றுக்குப் பிறகு வேலை செய்திருக்கிறோம், இதற்குள் ஒரு நாளும் இருந்ததில்லையே என்று அப்போது தோன்றியதாகப் பின்னால் மகளிடம் சொன்னார்.

வீட்டுக் குடியிருப்பை அடைந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம். தெரு முனையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து கிடந்தது. அதன் வேர்த்தட்டு ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. அந்த வேருக்குள் சிக்கி, தெருவுக்கே மின்சாரம் பிரிக்கிற பில்லர் பெட்டி தலைகீழாகத் தொங்கியது. கேபிள் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. அவர் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டார்: காற்று இந்த நிமிடமே நின்றாலும், ஜே.சி.பி. வந்து, மரம் எடுத்து, புதுப் பெட்டி வைத்து, கேபிள் ஒட்டி முடிக்க நாலு நாள். அவரே இறங்கினாலும் நாலு நாள்தான்.

படிக்கட்டில் ஒதுங்கி நின்றிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஒருவர் மெயின் ரோட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட முடியாதா என்று கேட்டார். இழுப்பதற்கு எந்த லைனிலும் உயிர் இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் மூன்று மாடி ஏறினார்.

வேலம்மா கட்டிலில் சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தாள். தோள் இரண்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின. உதடு கறுத்திருந்தது. ஜன்னலில் ஒரு கதவு போயிருந்தது. அந்த இடத்தில் அன்பு கோரைப்பாயைக் கட்டி, அது பறக்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. விரல் கிளிப்பில் எழுபத்தெட்டு.

அவர் ஈரத்தோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வேலம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"வந்துட்டியா," என்றாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "புயலுக்கு... வூட்ல... இப்பதான்யா கீற."

பேசாதே என்று கையால் சைகை காட்டினார். அவள் மகளைப் பார்த்துக் கதவைக் கண்ணால் காட்டினாள். சொல்லு என்பதுபோல.

அன்பு பாயைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். வர்தா அன்றைக்கு இந்த வாசல் கதவின் கீல் பெயர்ந்துவிட்டதாம். வேலம்மா கட்டிலை இழுத்து முட்டுக்கொடுத்து, அதன்மேல் முதுகை வைத்து, காலை எதிர்ச் சுவரில் உதைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தாளாம். பதினைந்து வயசு அன்பு அவள் மடியில் தலைவைத்து அழுதுகொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் வேலம்மாவால் முதுகை நிமிர்த்த முடியவில்லை.

"எனுக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"நீ வந்ததும் தூங்கிட்டியே நைனா," என்றாள் மகள். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. ஆனால் செய்வதற்கு என்ன இருந்தது? மிஷினின் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். அவள் முதுகைத் தேய்த்துவிட்டார். எண் எழுபத்தாறு ஆனது. அப்போதுதான் ரெஹான் வாசலில் வந்து நின்றான்.

ரெஹான் கீழ்வீட்டுக்காரன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சீரியல் லைட் கட்டுகிற தொழில். படிக்கட்டுக்கு அடியில் அவனிடம் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. காலையிலிருந்து அதைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தானாம். சாரலில் நனைந்து கிளம்பவில்லையாம். கயிற்றை இழுத்து இழுத்து அவன் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. இரண்டு பேரும் அதைத் தூக்கி இரண்டாம் மாடித் திருப்பத்தில் வைத்தார்கள். கோதண்டபாணி அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, தீக்குச்சியில் காட்டிக் காயவைத்து, கார்புரேட்டரில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு மாட்டினார். ஆறாவது இழுப்பில் கிளம்பியது. படிக்கட்டில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேலே வயரை இழுத்து வந்து வோல்டேஜைப் பார்த்தார். இருநூற்று நாற்பது. கொஞ்சம் கூடக்குறைய ஆடியது. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். இந்த மாதிரி சின்ன ஜெனரேட்டரில் நுட்பமான மிஷினைப் போடாதீர்கள், கருகிப்போகும் என்று எத்தனையோ வீட்டில் சொன்னவர் அவர். அன்பு அம்மாவின் விரலைக் காட்டினாள். எழுபத்து நாலு. பிளக்கைச் சொருகினார்.

மிஷின் ஒரு தடவை கத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாயில் காற்று வந்தது. சிலிண்டரில் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைக் காப்பாற்றி வைக்க அன்பு அதன் வால்வை மூடினாள். எழுபத்தெட்டு. எண்பத்திரண்டு. எண்பத்தாறு. வேலம்மாவின் தோள் தணிந்தது. அவள் தண்ணீர் கேட்டு இரண்டு மடக்கு குடித்தாள். ரெஹான் மற்றவர்களின் பைக்குகளிலிருந்து பெட்ரோல் எடுத்துவரக் கீழே ஓடினான்.

பதினோரு நிமிடம் ஓடியிருக்கும். கீழே ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. நின்றுவிடும்போல இறங்கி, உடனே வெறிபிடித்தாற்போல் உறுமியது. கோதண்டபாணி பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். அதற்குள் மிஷினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மெல்லிய புகை. முப்பது வருஷமாக அவருக்குப் பழகிய வாசனை அது. முகர்ந்ததும் இனி இது தேறாது என்று தெரிந்துவிட்டது.

ரெஹான் பெட்ரோல் பாட்டிலோடு வாசலில் நின்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. தன்னால்தான் என்று ஏதோ சொல்ல வந்தான்.

"இல்லடா. சொருவுனது நான்," என்றார் கோதண்டபாணி.

இனி காற்று நிற்கக் காத்திருக்க முடியாது. மந்தைவெளிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பெரிய ஜெனரேட்டர் உண்டு என்று அவருக்குத் தெரியும். நடந்தால் பத்து நிமிடம். பிளாஸ்டிக் நாற்காலியில் வேலம்மாவை உட்காரவைத்து, விழாமல் இருக்கத் துப்பட்டாவால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அவருடைய ரெயின்கோட்டை மேலே போர்த்தினார்கள். ரெஹானும் பக்கத்து வீட்டார் மூன்று பேரும் தூக்கினார்கள். சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு அன்பு ஒட்டி நடந்தாள். அந்தப் படிக்கட்டில் நாற்காலியைத் திருப்ப இடம் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேலம்மாவைத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்க வேண்டியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கோதண்டபாணியும் தூக்க வந்தார். நீ முன்னாடி போ அண்ணே, வயரெல்லாம் கிடக்கு, எது எதுன்னு எங்களுக்குத் தெரியாது என்றான் ரெஹான். அது சரி. அவர் ஒரு மரக்கொம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முழங்கால் தண்ணீரில் தொங்கிய கம்பிகளை ஒதுக்கிவிட்டு, காலைவைத்துப் பார்த்துக் குழி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு போனார். பின்னால் வேலம்மாவின் மூச்சுச் சத்தம் காற்றில் கேட்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்று இடத்தில் மரம் குறுக்கே கிடந்தது. முதல் மரத்துக்கு அடியில் புகுந்தார்கள். இரண்டாவதை நாற்காலியோடு தாண்டினார்கள். மூன்றாவதில் கிளை அடர்ந்து வழியே இல்லை. ஒரு வீட்டின் காம்பவுண்டு கேட்டைத் தட்ட, உள்ளே இருந்த பெரியவர் திறந்துவிட்டு, பின்வாசல் வழியாக அடுத்த தெருவுக்கு விட்டார். பத்து நிமிட தூரத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் கடைசிப் பகுதியில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அன்பு அம்மாவின் விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த எண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வார்டுபாய் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியோடு அப்படியே உள்ளே கொண்டுபோனார்கள். உதடும் விரல் நுனியும் நீலம் பாய்ந்திருந்தன. முகத்துக்கு மாஸ்க் வைத்து ஆக்சிஜன் திறந்தார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்து, கண்ணைத் திறந்தார்கள், ஆனால் நுரையீரல் ரொம்பச் சோர்ந்திருக்கிறது, நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றவேண்டியிருக்கும் என்றாள். தூக்கி வந்த நாலு பேரும் சுவரோரமாக ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்குக் காற்று நின்றது.

மறுநாள் வழி கொஞ்சம் திறந்ததும் வேலம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வார்டில் ஆண்களை இருக்கவிடவில்லை. அன்பு உள்ளே இருந்தாள். கோதண்டபாணி வெளியே மரத்தடியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஹம்சினி போன் செய்து வேலம்மாவைப் பற்றி மட்டும் விசாரித்தாள். வேலைக்கு வா என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவரே போனார். கடமை உணர்ச்சி என்று ஆபீசில் நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மரத்தடியில் அவர் கை சும்மா கிடந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை. சாஸ்திரி நகரில் ஒரு குழிக்குள் இறங்கி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது மேலே ஒருவர் நின்று, மூன்று நாளாக ஃபிரிட்ஜில் இருந்ததெல்லாம் கெட்டுப்போய்விட்டது, உங்கள் வீட்டில் இப்படி என்றால் தெரியும் என்று சத்தம் போட்டார். அவர் நிமிர்ந்து பார்க்காமல் வேலையைச் செய்தார்.

பட்டினப்பாக்கத்தில் அவர் தெருவுக்கு ஐந்தாம் நாள் கரெண்ட் வந்தது. சிதம்பரநாதன் நேரில் நின்று கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனார்.

வேலம்மா மார்கழி நடுவில் வீட்டுக்கு வந்தாள். புது மிஷின், மூன்று சிலிண்டர். ரெஹான் எங்கேயோ சொல்லி ஒரு இன்வெர்ட்டரும் ஏற்பாடு செய்தான். அன்பு ஓசூர் வேலையை விட்டுவிட்டாள். பெருங்குடியில் ஒரு இடத்தில் சேர்ந்துகொள்கிறேன், வீட்டிலிருந்தே போகலாம் என்றாள். ஆனால் புயலன்று இழந்த பலம் வேலம்மாவின் உடம்புக்குத் திரும்பவில்லை. அன்றைக்கு அவ்வளவு நேரம் மூச்சுக்குப் போராடாமல் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் இருந்திருப்பார்களா என்று அன்பு டாக்டரைக் கேட்டாள். சொல்லமுடியாது என்றார் அவர். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை வேலம்மா போனாள். கோதண்டபாணிக்கு அன்று விடுமுறை. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கரெண்ட் இருந்தது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்திருந்தார். அது எந்த நிமிடத்தில் தளர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்பு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து, நைனா என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

அவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தன் செக்‌ஷனில் எந்தெந்த வீட்டில் இந்த மாதிரி மிஷின் ஓடுகிறது என்று விசாரித்து, அவர்கள் போன் நம்பர்களைக் கைபேசியில் போட்டு வைத்திருக்கிறார். பதினோரு வீடு. யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. காற்று எழும்பி, லைனை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்தால், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறார். போன வைகாசியில் கோடை மழையோடு பெருங்காற்று அடித்த சாயங்காலமும் அப்படித்தான் கூப்பிட்டார். கஸ்தூரிபா நகரில் ஜலஜா என்று ஒரு அம்மாள்; கணவருக்கு மிஷின் ஓடுகிறது, இரண்டு பேர் மட்டும்தான் வீட்டில். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சிலிண்டர் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அப்புறம், கரெண்ட் திரும்ப எப்போது வரும் என்று கேட்டார்.

"தெரியாதும்மா," என்றார் கோதண்டபாணி. "நிறுத்துறது மட்டும்தான் தெரியும். இப்பவே யாருக்காவது போன் பண்ணி இன்னொரு சிலிண்டருக்குச் சொல்லிடுங்க. ரோடு இன்னும் தொறந்துதான் கீது."